எல்லார் கையிலும் ஒரே பக்கம்: அச்சுக்கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சு வந்ததால் புத்தகம் மலிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இருவர், வெவ்வேறு நாட்டில் உட்கார்ந்து, எழுத்துப் பிசகாத ஒரே பக்கத்தைப் படிக்க முடிந்தது. சமயம் பரவியதற்கும் அறிவு வளர்ந்ததற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

அச்சைக் கண்டுபிடித்தவர் கூட்டன்பர்க் என்று படித்தோம். சரிதானா?

பாதி சரி. மரப்பலகையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்துத் தேய்த்தெடுக்கும் முறை சீனாவில் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அங்கே தூன்குவாங் குகையில் கிடைத்த, வச்சிர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சுருளில் கி.பி. 868ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறித்திருக்கிறது. தாய் தந்தையர் பொருட்டு எல்லோருக்கும் இலவசமாக வழங்கச் செய்வித்தது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அச்சுக்கும் பக்திக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

தனித்தனி எழுத்தாகக் கோத்துப் பிரிக்கும் முறையும் கிழக்கில்தான் முதலில் வந்தது. 1040களில் பி ஷெங் என்பவர் சுட்ட களிமண்ணில் எழுத்துகள் செய்தார். கொரியாவில் 1377இல் உலோக எழுத்தைக் கொண்டு ஜிக்ஜி என்ற பௌத்த நூலை அச்சிட்டார்கள்.

அப்படியானால் கூட்டன்பர்க் செய்ததுதான் என்ன?

எழுத்து வார்ப்பு, மை, தாள், அழுத்தும் பொறி ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி 1450களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அமைத்தார். நான்கில் வார்ப்புதான் உயிர். பின்னால் நானூறு ஆண்டுகள் வார்ப்புச் சாலைகளில் நிலைத்த முறையைச் சொல்கிறோம். கூட்டன்பர்க்கின் முதல் எழுத்துகளும் அச்சுப் பிசகாமல் இப்படியே வார்க்கப்பட்டவையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முதலில் ஓர் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைப் புடைப்பாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்குவார்கள். அதை விளக்குப் புகையில் காட்டித் தாளில் ஒற்றினால் எழுத்தின் வடிவம் துல்லியமாகத் தெரியும். கோணல் இருந்தால் அந்தக் கட்டத்தில்தான் அரத்தால் சரிசெய்ய முடியும். பிறகு எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக வைத்து, ஒரு செப்புக் கட்டியில் ஓங்கி அடிப்பார்கள். செம்பில் பள்ளமாக விழும் எழுத்துதான் தாய் அச்சு. இதை ஒரு கைவார்ப்புப் பெட்டியின் அடியில் பொருத்தி, மேலிருந்து உருகிய உலோகத்தை ஊற்றினால் எழுத்து வார்ந்து விழும்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று கவ்வி நகரும் இரண்டு பாதிகளால் ஆனது அது. பாதிகளை நெருக்கினால் ஒல்லியான எழுத்துக்கும், விலக்கினால் அகலமான எழுத்துக்கும் இடம் கிடைக்கும். அகலம் எப்படி மாறினாலும் எழுத்தின் உயரமும் கனமும் மாறாது. நாலாயிரம் எழுத்தை அடுக்கினாலும் மேற்பரப்பு ஒரே மட்டமாக நிற்பதற்கு இதுவே காரணம். ஒரு மயிரிழை குட்டையான எழுத்து தாளில் விழாது. ஒரு மயிரிழை நெட்டையானது தாளைக் குத்திக் கிழிக்கும்.

வெறும் ஈயத்தில் வார்த்தால் ஆகாதா?

ஆகாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், ஊற்றவும் எளிது. ஆனால் நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. விரைவிலேயே எழுத்து நசுங்கிவிடும். ஆறும்போது சுருங்கவும் செய்யும், விளிம்பு மழுங்கிப்போகும். ஆன்டிமனி சேர்த்தால் கடினம் கூடும், சுருக்கம் குறையும். வெள்ளீயம் சேர்த்தால் கலவை நன்றாக ஓடி, எழுத்தின் நுனிவரை போய் நிறையும். ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 என்ற விகிதத்தில் கலந்தால் சுமார் 240 டிகிரியிலேயே உருகும். பெட்டி குளிர்ந்திருந்தால் எழுத்தின் முகம் நிறையாமல் குழி விழும். மேலே மிதக்கும் கசடை அள்ளாமல் ஊற்றினாலும் அதே கதிதான்.

ஒரு பக்கம் எப்படி அச்சாகிறது?

கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவர், கட்டம் கட்டமாகப் பிரித்த பெட்டி முன் நிற்பார். இடக்கையில் ஸ்டிக் எனப்படும் சிறு தட்டு. மூலத்தைப் பார்த்து வலக்கையால் ஓர் ஓர் எழுத்தாக எடுத்து, தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்குவார். எழுத்தின் உடலில் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும் சிறு பள்ளத்தை விரல் தடவியே எது மேல் எது கீழ் என்று தெரிந்துகொள்ளும். கண்ணால் பார்க்கத் தேவையில்லை. வரி முடிந்ததும் சொற்களுக்கு நடுவே மெல்லிய இடைத் துண்டுகளைச் செருகி, வரியை ஸ்டிக்கில் இறுக்கமாக நிற்கச் செய்வார். சில வரிகள் சேர்ந்ததும் நீளத் தட்டுக்கு மாற்றி, பக்கம் நிறைந்ததும் நூலால் சுற்றிக் கட்டுவார்.

கட்டிய பக்கங்களைச் சமதளமான கல்லின்மேல் வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டு, இடைவெளிகளில் மரக்கட்டை நிரப்பி, ஆப்புகளால் இறுக்குவார்கள். சட்டத்தை ஒரு மூலையில் சற்றே தூக்கி விரலால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். ஆடும் எழுத்து ஒன்று இருந்தாலும் அவிழ்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

தாளை முந்தைய நாளே ஈரப்படுத்தி, அடுக்கி, மேலே பாரம் ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்துத் தாள் லினன் கந்தலில் செய்து வச்சிரப் பசை பூசியது. உலர்ந்தபடி அச்சிட்டால் மை ஏறாது. மை ஆளி விதை எண்ணெயைக் காய்ச்சிப் புகைக்கரி சேர்த்தது. விரலிடையில் தொட்டுப் பிரித்தால் நூல்போல் இழுபடும் பதம் வரவேண்டும். சுவடி எழுதும் தண்ணீர் மை இங்கே பயன்படாது. உலோகத்தின்மேல் துளித் துளியாகத் திரண்டு ஓடிவிடும்.

பொறியில் இருவர் வேலை செய்வார்கள். ஒருவர் மயிர் அடைத்த இரண்டு தோல் பந்துகளால் எழுத்தின்மேல் மையைத் தட்டுவார். மற்றவர் தாளைத் தனிச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை எழுத்தின்மேல் மடித்து, பலகையை உள்ளே தள்ளி, திருகின் நெம்புகோலை இழுப்பார். மணிக்கு 250 தாள், அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்பது கணக்கு. நடப்பில் அதைவிடக் குறைவு. அச்சான தாளைக் கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அன்றைய எழுத்துகளைக் கழுவி, பிரித்து, அந்தந்தக் கட்டத்தில் திருப்பிப் போட்டால்தான் அடுத்த பக்கங்களுக்கு எழுத்து இருக்கும்.

எங்கெல்லாம் பிசகும்?

வரி தளர்ந்திருந்தால் மைப் பந்தே எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பல பிரதிகளில் எழுத்து இல்லாத ஓட்டை விழும். இடைத் துண்டு மேலெழும்பினால் சொற்களுக்கு நடுவே கறுப்புக் கோடு விழும். மை அதிகமானால் சுழி அடைபடும், குறைந்தால் பக்கம் நரைக்கும். பிரித்துப் போடும்போது எழுத்து தவறான கட்டத்தில் விழுந்தால், அடுத்து எடுப்பவர் கண்ணால் பாராமல் அதையே கோத்துவிடுவார். பழைய நூல்களில் காணும் எழுத்துப் பிழைகளில் கணிசமானவை இப்படி வந்தவைதான். எழுதியவரின் அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது.

ஏட்டில் ஒருவர் செய்த பிழை அந்த ஏட்டோடும் அதைப் பார்த்து எழுதிய ஏடுகளோடும் நிற்கும். அச்சில் அது எல்லாப் பிரதிக்கும் போய்விடும். 1631இல் லண்டனில் அச்சான ஒரு பைபிளில், பத்துக் கட்டளைகளில் ‘விபசாரம் செய்யாதிருப்பாயாக’ என்ற இடத்தில் மறுப்புச் சொல் விட்டுப்போய், ‘செய்வாயாக’ என்று ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விழுந்தது. ஆனால் எல்லோரிடமும் ஒரே பிழை இருந்தால் ஒரே திருத்தம் எல்லோருக்கும் பயன்படும். நூலின் கடைசியில் வரும் ‘பிழை திருத்தம்’ என்ற அரைப்பக்கம் அச்சு தந்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்று என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏட்டுக் காலத்தில் அப்படி ஒரு பக்கத்துக்கு இடமே இல்லை.

கூட்டன்பர்க் பைபிளுக்கு எவ்வளவு பிடித்தது?

பக்கத்துக்குப் பெரும்பாலும் 42 வரி, ஏறத்தாழ 2,600 எழுத்து. ஒரு பிரதிக்கு 1,280க்கு மேற்பட்ட பக்கம், இரண்டு தொகுதி. சுமார் 180 பிரதிகள் அச்சிட்டதாகக் கணிக்கிறார்கள். முக்கால் பங்கு தாளிலும் மிச்சம் பதப்படுத்திய கன்றுத் தோலிலும். பெருக்கிப் பாருங்கள்: நெம்புகோலை 2,30,000 தடவை இழுத்திருக்க வேண்டும். 1455 வாக்கில் வேலை முடிந்தபோது, பணம் கொடுத்த யோகான் ஃபுஸ்ட் வழக்குப் போட்டு வென்றார். தொழில் அவர் கைக்குப் போனது. முழுதாகவோ பெரும்பகுதியாகவோ இன்று எஞ்சியிருப்பவை 49 பிரதிகள்.

அவர் அச்சிட்ட முதல் சமயத் தாள் பைபிள்தானா?

பைபிள் முடியும் முன்பே பாவமன்னிப்புச் சீட்டுகள், அதாவது பணம் கொடுப்பவரின் பாவத் தண்டனை குறையும் என்று திருச்சபை வழங்கியவை, மைன்ஸில் அச்சாகிவிட்டன. கையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீட்டின் தேதி 1454 அக்டோபர் 22. சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்கப் பணம் திரட்டுவது நோக்கம். வாசகம் முழுவதும் அச்சில் இருக்கும். வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும், பேனாவால் நிரப்பிக்கொள்ள வேண்டியது. இன்று நாம் நிரப்பும் எல்லா விண்ணப்பப் படிவத்துக்கும் மூத்தது அந்தச் சீட்டு. 1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் எதிர்த்து எழுந்ததும் இத்தகைய சீட்டு விற்பனையைத்தான்.

இவ்வளவு வேகமாக எப்படிப் பரவியது?

1462இல் மைன்ஸ் நகரம் போரில் சூறையாடப்பட்டபோது அங்கிருந்த தொழிலாளர்கள் சிதறினார்கள். தொழிலும் அவர்களோடு போயிற்று. 1465இல் இத்தாலியின் சுபியாகோ மடம், 1469இல் வெனிஸ், 1470இல் பாரிஸ், 1476இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர். 1500க்குள் ஐரோப்பாவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் அச்சுக்கூடம் நடந்திருக்கிறது.

அச்சு இல்லாவிட்டால் லூத்தர் வென்றிருப்பாரா?

அவருக்கு நூறாண்டு முன் பொஹீமியாவின் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் திருச்சபையின் ஏறக்குறைய இதே குறைகளைப் பேசினார். 1415இல் அவரை எரித்தார்கள். அரசியல் சூழலும் வேறுதான், மறுக்கவில்லை. ஆனாலும் லூத்தரின் 95 கருத்துரைகள் 1517 முடிவதற்குள் நியூரம்பர்க், லைப்சிக், பாசல் நகரங்களில் அச்சாகிவிட்டன. வாயை அடைக்க நினைத்தவர்கள் எந்த ஊரில் தொடங்குவார்கள்?

இதில் தொழில் கணக்கும் இருக்கிறது. முழு பைபிள் அச்சிட்டால் போட்ட பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கும். ஒரே தாளை இருமுறை மடித்தால் எட்டுப் பக்கம். அப்படி ஒன்றிரண்டு தாளில் முடியும் சிறு நூலைச் சில நாளில் கோத்து, அச்சிட்டு, விற்றுப் பணம் எடுத்துவிடலாம். லூத்தர் ஜெர்மன் மொழியில், சுருக்கமாக, அந்த அளவுக்குள் அடங்கும்படி எழுதினார். அச்சகத்தாருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பாரா? 1522 செப்டம்பரில் அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தது. டிசம்பரிலேயே மறுபதிப்புத் தேவைப்பட்டது.

வேதத்தைத் தன் மொழியில் கையில் வைத்திருப்பவர் குருவைப் பார்த்து ‘அது எங்கே சொல்லியிருக்கிறது?’ என்று கேட்க முடியும். அதற்குத் துணையாக இன்னொன்றும் வந்தது. 1551இல் ரொபேர் எஸ்தியேன் என்ற அச்சர் புதிய ஏற்பாட்டை எண்ணிட்ட வசனங்களாகப் பிரித்து அச்சிட்டார். இன்று அதிகாரமும் வசன எண்ணும் சொல்லி மேற்கோள் காட்டுவது அந்த முறையின் தொடர்ச்சி.

பெரும்பாலோர்க்குப் படிக்கத் தெரியாதே?

ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். மரச்செதுக்குப் படங்கள் எழுத்தறியாதவரிடமும் பேசின. லூத்தரின் 1522 புதிய ஏற்பாட்டுக்கு ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை படம் செய்தது. 1524 முதல் பாடல் நூல்களும் வந்தன. மனப்பாடமான பாட்டுக்குக் கண் தேவையில்லை.

மற்றச் சமயங்களில் என்ன நடந்தது?

யூதர்கள் விரைந்து எடுத்துக்கொண்டார்கள். முழு எபிரேய பைபிள் 1488இல் இத்தாலியின் சொன்சினோவில் அச்சானது. 1520களில் வெனிஸில் டேனியல் பாம்பர்க் அச்சிட்ட, யூதச் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதின் ஏட்டெண் வரிசை இன்றும் மாறவில்லை; எந்தப் பதிப்பை எடுத்தாலும் அதே எண்ணில் அதே பகுதி இருக்கும்.

அரபு எழுத்துக்குத் தடை இருவகை. ஓர் எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் உருமாறி அடுத்ததோடு சேரும். அதனால் வார்க்க வேண்டிய உருக்கள் பல மடங்கு. 1537–38இல் வெனிஸில் அச்சான குர்ஆனில் பிழைகள் மிகுந்திருந்தன. புனித நூலில் அதைப் பொறுக்க மாட்டார்கள். அழகெழுத்தே வழிபாடாகக் கருதப்பட்ட மரபும் இருந்தது. இஸ்தான்புலில் இப்ராகிம் முத்தஃபரிக்கா 1727இல் அனுமதி பெற்று 1729இல் ஓர் அகராதியை வெளியிட்டார். சமய நூல்களை அச்சிட அந்த அனுமதியில் இடமில்லை.

அறிவியலுக்கு அச்சு என்ன செய்தது?

படத்தைக் காப்பாற்றியது. கையால் படியெடுக்கும்போது சொல்லை ஓரளவு சரியாக எழுதிவிடலாம். ஒரு செடியின் இலையையோ முக்கோணத்தின் கோணத்தையோ பத்தாவது ஆள் வரையும்போது அது வேறொன்றாகியிருக்கும். 1482இல் வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் யூக்ளிடின் வடிவியலை ஓரத்தில் படங்களோடு அச்சிட்டார். 1543இல் பாசலில் வெசாலியஸின் உடற்கூற்று நூல் வந்தது. எலும்பிலும் தசையிலும் எழுத்துகள் குறித்து, உரையில் அதே எழுத்தால் விளக்கம். மாணவர் எங்கிருந்தாலும் ஒரே எலும்பைப் பார்த்தார்.

அடுத்தது ஒப்பிடுவது. 1563 ஆகஸ்டில் வியாழனும் சனியும் வானில் நெருங்கி வந்தன. பின்னாளில் வானியலராகப் பெயர்பெற்ற டைக்கோ பிராகே, அப்போது பதினாறு வயது, கோள்களின் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் இரண்டு அட்டவணைகளோடு அதைப் பார்த்தார். பழைய அல்ஃபோன்சு அட்டவணை ஏறக்குறைய ஒரு மாதம் தவறியிருந்தது; சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸ் வழியில் 1551இல் வந்த புதியது சில நாள் தவறியிருந்தது. இரண்டுமே போதாது, வானத்தையே புதிதாக அளக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. இரண்டு பேரறிஞரின் கணக்கை ஒரு பையன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது ஏட்டுக் காலத்தில் அரிதினும் அரிது. அதுமட்டுமல்ல, ஏட்டில் தவறு கண்டால் பிழை ஆசிரியருடையதா எழுதினவருடையதா என்றே தெரியாது.

பொய்யும் அதே வேகத்தில் பரவியதல்லவா?

பரவியது. 1524 பிப்ரவரியில் கோள்கள் மீன ராசியில் கூடுகின்றன, பெருவெள்ளம் வரும் என்று ஏராளமான சிறு நூல்கள் அச்சாயின. வெள்ளம் வரவில்லை. இதைவிடக் கொடியது, சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது எப்படி என்று சொல்லும் ‘மல்லேயுஸ் மலேஃபிகாரும்’. 1480களில் வெளிவந்து பலமுறை மறுபதிப்பான அந்த நூல் நெடுங்காலம் பல பெண்களின் சாவுக்குத் துணைபோனது. அச்சின் புகழைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தடை போட்டு நிறுத்த முடியவில்லையா?

முயன்றார்கள். ரோமின் தடை நூல் பட்டியல் 1559இல் வந்து 1966 வரை நீடித்தது. கோப்பர்நிக்கஸின் நூலை 1616இல் ‘திருத்தும் வரை’ நிறுத்தி, 1620இல் எந்த வரியை எப்படி அடிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். எஞ்சிய பிரதிகளை எடுத்துப் பார்த்தால், இத்தாலியில் இருந்த பலவற்றில் அந்த வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. இத்தாலிக்கு வெளியே பெரும்பாலானவற்றில் யாரும் கைவைக்கவில்லை. ஒரே ஏட்டை எரித்துவிடலாம். ஊர் ஊராகச் சிதறிய நூற்றுக்கணக்கான பிரதிகளை என்ன செய்வது?

தமிழ் எப்போது அச்சேறியது?

1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் வந்தது. செய்தவர் போர்த்துக்கீசிய சேசு சபைத் துறவி ஹென்றிக் ஹென்றிக்கஸ். படிக்க வேண்டியவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர். 1586இல் அவருடைய ‘அடியார் வரலாறு’ வந்தது. பிறகு நெடுங்காலம் மௌனம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்து வார்க்கச் செய்து 1713இல் பெற்றார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பெரியது. அதில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருந்த தாள் போதாது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்தை வார்த்து 1715இல் நூலை முடித்தார்கள். பக்கத்தில் பொறையாறில் தாள் ஆலையும் தொடங்கினார்கள். தமிழ் வார்ப்பின் சிரமம் எண்ணிக்கையில் இருக்கிறது: கொம்பு, கால் போன்றவற்றைத் தனித் துண்டாக வைத்துக்கொண்டாலும் கு, கூ, டி, டீ போல உருமாறுபவற்றைத் தனியே வார்க்க வேண்டும். வேண்டிய உருக்கள் நூறைத் தாண்டிவிடும்.

1812இல் திருக்குறள் சென்னையில் அச்சானது. 1835இல் உரிமக் கட்டுப்பாடு நீங்கியதும் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலர், பாதிரிமார் பயன்படுத்திய வினா–விடை வடிவத்தையே கையாண்டு ‘சைவ வினாவிடை’ வெளியிட்டார். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வந்தன. ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை வைத்து, வேறுபடும் பாடங்களை அடிக்குறிப்பாகத் தந்த பதிப்புகள் அவை. செல்லரித்த ஏட்டில் போகவிருந்த பாட்டு அப்படித்தான் பிழைத்தது.

மிகப் பழைய தமிழ் அச்சு நூலைப் படிக்க முடியவில்லையே, ஏன்?

ஏட்டு வழக்கத்தையே முதலில் அச்சிலும் பின்பற்றினார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும், கிழியும். எனவே மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அருகிவிட்டது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். ‘தரம’ என்று மூன்று எழுத்தைக் கண்டால் அது ‘தரம்’ என்பதா, ‘தாம்’ என்பதா, ‘தாம’ என்பதா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எகர ஏகார வேறுபாட்டுக்கு வீரமாமுனிவர் வழி சொன்னார். ஈய எழுத்தில் புள்ளி வைக்க எந்த ஓலையும் கிழியாது. பழம் பதிப்பைக் கையில் எடுப்பவர் முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டு, மெதுவாக, புள்ளியைத் தாமே போட்டுக்கொண்டு படிக்கட்டும். பதினோராம் பக்கத்திலிருந்து கண் பழகிவிடும்.